தண்ணீர் பம்பும் நான் எழுதாமல் விட்ட பாலமும்

எஞ்சினைத் திறந்து பார்க்கிற மெக்கானிக்கைவிட, வண்டிக்காரரிடம் கேள்வி கேட்கிற நமக்குத்தான் அதிகாரம் அதிகம். வாரண்டி இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது இன்னும் உறைத்திருக்காது. எனக்கே வெகு காலம் உறைக்கவில்லை. திண்டிவனத்தில் இருபது வருடத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்தேன். அதன் பிறகு, பழைய கார்களுக்கு வாரண்டி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடம் இன்ஸ்பெக்டர். போன வருடம் ஓய்வு பெற்றேன்.

நான் பிடித்த ஏமாற்றுக்காரர்கள் நிறையப் பேர். கடல் தண்ணீரில் இறங்கிய காரை மழைத் தண்ணீரில் நின்றது என்று சொன்னவர், கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைத்தவர், எஞ்சின் ஆயிலே மாற்றாமல் மாற்றியதாகப் பில் காட்டியவர். அந்தக் கதைகளை அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது யாரும் சொல்லாதது. இதில் வண்டிக்காரர் பொய்யே சொல்லவில்லை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வரும் கேள்விகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும்: “மெக்கானிக்கல் ஃபெயிலியர்னா வாரண்டி உண்டா சார்?” உண்டு. பட்டியலில் உள்ள ஒரு பாகம் தானாக உடைந்தால் அதற்கு வாரண்டி உண்டு. அது உடைந்ததால் பட்டியலில் உள்ள இன்னொரு பாகம் கெட்டுப்போனால் அதற்கும் உண்டு. ஆனால், கோளாறு தெரிந்த பிறகும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டி, அதனால் சேதம் வந்தால் கிடையாது. மூன்று வரிதான். முதல் இரண்டு வரிகளில் கொடுப்பதை மூன்றாவது வரியில் பிடுங்கிக்கொள்ளலாம். எந்த வரியில் நிற்பது என்பதை முடிவு செய்கிறவர் வண்டியைப் பார்க்கப் போகிற ஒரே ஆள். அதாவது நீங்கள்.

நான் சேர்ந்த புதிதில் என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைந்த மூத்த இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் காரைப் பார்க்க மாட்டார். உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். “நீ கேள்வி கேட்டா அவன் உஷாராயிடுவான். நீ கேக்காத, அவனே சொல்லிடுவான்” என்பார். நான் அதை நன்றாகக் கற்றுக்கொண்டேன். என் முகமும் அதற்குத் தோதான முகம். யாருக்கும் என்னைப் பார்த்தால் சொந்தக்காரன் போலத் தோன்றும்.

ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு சித்திரை மாதம். மரக்காணத்திலிருந்து ஒரு கிளெய்ம் வந்தது. டீசல் கார், மஞ்சள் போர்டு. வாடகை வண்டிகளுக்கு எங்கள் நிறுவனம் தனி வாரண்டித் திட்டம் வைத்திருந்தது. அந்தத் திட்டத்தில்தான் இந்த வண்டியும். எடுத்து ஐந்து மாதம். தண்ணீர் பம்ப் போய், எஞ்சின் சூடேறி, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து எழுதியிருந்தார்கள். உரிமையாளர் பேர் ராஜகுமாரி. ஓட்டுநரும் அவரே.

நான் போய்ச் சேர்ந்தது சம்பவம் நடந்த மூன்றாம் நாள். ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார்கள். மெக்கானிக் பம்பைக் கையில் எடுத்துக் காட்டினார். உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தெறித்துப்போயிருந்தது. உப்புக் காற்றில் துரு ஏறிய பம்ப் இல்லை. வெளியே சுத்தமாகத்தான் இருந்தது. துரு என்று எழுதித் தப்பிக்க வழியே இல்லாத, பச்சையான மெக்கானிக்கல் ஃபெயிலியர்.

“கூலண்ட்டு ஒரேடியா கொட்டிட்டிருக்குது சார்,” என்றார் அவர். “தண்ணியில்லாத எஞ்சின்ல முள்ளு சரியாக் காட்டாது. அது தண்ணியோட சூட்டத்தான காட்டும்? முள்ளு மேல ஏறுறதுக்குள்ளயே ஹெட்டு வேலை முடிஞ்சிருக்கும். அந்தம்மா அந்த நிமிசமே நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான்.”

நானும் மெக்கானிக்தான். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கு நூறு என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த ஹெட்டைப் பார்த்த எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ராஜகுமாரியின் வீடு உப்பளத்துக்குப் போகும் பாதையில் இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷன் ஏழுமலையோடு உப்பளத்தில் கூலி வேலை. பெண்களுக்கான இலவச ஓட்டுநர் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூட வேனில் உதவியாளராக இருந்து, அப்புறம் சொந்தமாக இந்தக் காரை எடுத்திருக்கிறார். மாமியாருக்கு இதில் விருப்பமில்லை. “பொம்பள ஸ்டீரிங் புடிச்சா ஊரு சிரிக்கும்” என்றாராம். ஏழுமலைதான் தாயிடம் சண்டை போட்டு எடுக்கவைத்தவர்.

வண்டிக்கு நிரந்தர வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். வாரத்தில் மூன்று நாள் பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வருவார். ராஜகுமாரி காலையில் கூட்டிப்போய், முடியும்வரை காத்திருந்து, மதியம் திரும்பக் கூட்டிவருவார். அப்படித் திரும்பும்போதுதான் பம்ப் போனது.

டீ வந்தது. நான் வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை. பிள்ளை என்ன படிக்கிறான் என்று விசாரித்தேன். ஆறாவது என்றார். அப்புறம் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

“உப்பளத்துக்கு நடுவுல பாலம் இருக்குதில்ல சார், அதுல ஏறுறேன், முள்ளு சடார்னு செவப்புக்குப் போச்சு. புகை வேற. பின்னால உப்பு லாரி ஹாரன் அடிச்சிகினே வர்றான். பாலத்துல ஒதுங்க எடமே கெடையாது. வாத்தியாரு பின்னால படுத்துகினு இருக்காரு. டயாலிசிஸ் முடிஞ்சா அவரால நிக்கக்கூட முடியாது சார். அங்க நிறுத்தினா லாரிக்காரன் மேலயே ஏத்திடுவான். அதான் மெதுவா உருட்டிகினே பாலத்தத் தாண்டி, மண்ணுல எறக்கி நிறுத்திட்டேன். உடனே ஆஃப் பண்ணிட்டேன்.”

ஏழுமலை கதவோரம் நின்றிருந்தார். “எங்க மச்சான் ஒருத்தன் மெக்கானிக்கு சார். முள்ளு ஏறுனதப் பாத்தேன்னு சொல்லாத, தெரியாமலே நின்னு போச்சுன்னு சொல்லு, அப்பதான் குடுப்பாங்கன்னான். இவதான் கேக்கல.”

“பொய் சொல்லி வாங்குறது எதுக்கு சார்?” என்றார் ராஜகுமாரி. “நடந்தது இதுதான். பாத்து செய்யிங்க.”

நான் தலையாட்டினேன். “பாலத்தைப் பார்க்கலாமாம்மா?” என்று கேட்டேன்.

மூவரும் போனோம். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள், வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பாலத்தின் தொடக்கத்தில் தார் மேல் பச்சையாக ஒரு பெரிய கறை. கூலண்ட் கொட்டிய இடம். அங்கிருந்து மெல்லிய கோடாகக் கறை பாலம் முழுக்க ஓடியது. பாலம் முடிந்து, சாலையோர மண்ணில் ஒரு குட்டைபோலத் தேங்கிக் காய்ந்திருந்தது. மூன்று நாளில் மழை இல்லை, அழியவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து எண்ணினேன். நூற்று எண்பது தப்படி. கைப்பிடிச் சுவருக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். நான் நடக்கும்போதே இரண்டு லாரிகள் சட்டை படபடக்க உரசிப் போயின. செல்போனில் ஐந்தாறு படங்கள் எடுத்தேன்.

“வாத்தியார் வீடு பக்கத்துலதான் சார். அவரையும் ஒரு வார்த்த கேட்டுக்கறீங்களா? அவரும் பாத்தாரு,” என்றார் ராஜகுமாரி.

“தேவையில்லம்மா. நீங்க சொன்னதே போதும்,” என்றேன்.

அப்போது அதை நல்ல மனதோடுதான் சொன்னேன். அவர் பக்கம்தான் எழுதுவதாக இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் இதை என் தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரி என்று தெரிந்துகொண்டே மாற்றி எழுதியவன், தெரியாமல் எழுதியவனைவிட மோசம்.

அலுவலகம் இருந்த பாண்டிச்சேரிக்குத் திரும்பும் வழியில் கீழ்புத்துப்பட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுத ஆரம்பித்தேன். அன்றன்றைக்கு மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். பாதி எழுதியிருப்பேன். மேலாளரிடமிருந்து போன் வந்தது.

“மரக்காணம் இன்னாபா ஆச்சு? இந்த மாசத்துல இது நாலாவது எஞ்சின். மேல கேக்கறாங்க.”

“பம்ப் ஃபெயிலியர் சார். சுத்தமா நம்ம பட்டியல்தான்.”

“வண்டிக்காரம்மா இன்னா சொல்லுது?”

“முள்ளு ஏறினதப் பாத்திருக்காங்க. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியிருக்காங்க.”

“பாத்தேன்னு அவங்க வாயாலயே சொல்லிச்சா?” என்றார்.

“ஆமா சார். ஆனா பாலம் ஒண்ணு இருக்குது, அதுல நிறுத்த—”

“பாலத்துக்கும் நமக்கும் இன்னாபா சம்பந்தம்? பாத்தாங்களா, ஓட்டினாங்களா? அத எழுது. அவ்ளோதான் நம்ம வேலை. பம்புக்கு மட்டும் அப்ரூவல் போட்டுடலாம்.” பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: “ஏரியா இன்சார்ஜ் லிஸ்டுல உன் பேரு போயிருக்குது. இந்த நேரத்துல கொஞ்சம் பாத்து நடந்துக்கோ.”

போனை வைத்துவிட்டேன். மேலாளரை இதில் வில்லனாக்க வேண்டாம். அவர் பாலத்தைப் பார்க்கவில்லை. அதன் நீளம் அவருக்குத் தெரியாது. என்னைப் பொய் எழுதச் சொல்லவும் இல்லை. “சார், நூற்று எண்பது தப்படி, படம் இருக்குது, மெக்கானிக் இப்படிச் சொல்றார்” என்று நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் ஒருவேளை முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்டால், அதிகம் இல்லை. நெருக்கடி என்றால் யாராவது வந்து கழுத்தைப் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். நம் வேலையில் நெருக்கடி இப்படித்தான் வரும். நல்ல குரலில், நம் நன்மைக்குச் சொல்வதுபோல, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது.

எழுதியதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘தண்ணீர் பம்ப் பழுது. வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதைப் பார்த்த பிறகும் வாகனத்தைத் தொடர்ந்து ஓட்டியதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டுள்ளார். எஞ்சின் சேதம் அதன் பின் விளைவு.’

படித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாக்கியங்களில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாலம் இல்லை, லாரி இல்லை, நோயாளி இல்லை, தூரம் இல்லை. மூன்றாவது வாக்கியத்தை, மெக்கானிக்கான நான், மெக்கானிக் சொன்னதற்கு நேர்மாறாக எழுதினேன். பாலத்துப் படங்களை இணைக்கவில்லை. உடைந்த பம்பின் படத்தை மட்டும் இணைத்தேன்.

பத்து நாள் கழித்து ராஜகுமாரி போன் செய்தார். நான் எடுக்காமல் விட்டிருக்கலாம். இரண்டு முறை விட்டேன். மூன்றாவது முறை எடுத்தேன்.

“சார், எஞ்சினுக்குக் கெடையாதுன்னு லெட்டர் வந்திருக்குது. பம்பு மட்டும் தர்றாங்களாம். எஞ்சினே போனப்புறம் பம்ப வெச்சிகினு நான் இன்னா சார் பண்றது?”

“ஹெட் ஆபீஸ் முடிவும்மா அது.”

“நீங்க பாலத்துல நடந்து அளந்தீங்களே சார். அத எழுதுனீங்களா?”

“எல்லாம் எழுதியிருக்கேன்மா.”

இதுதான் நான் சொன்ன பொய். ரிப்போர்ட்டில் எழுதியதைக்கூட வார்த்தைக்கு வார்த்தை வாதாடிவிடலாம். இதற்கு வாதமே கிடையாது.

அவர் கேட்டார்: “எல்லாம் எழுதியும் இல்லன்னுட்டாங்கன்னா, அப்ப என் தப்புதானா சார்? நான் நிறுத்தியிருக்கணுமா?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். ஆகவே, “வண்டி சூடானா உடனே நிறுத்திடறதுதாம்மா நல்லது,” என்றேன்.

“சரிங்க சார்,” என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. வேறு யாரிடமும் புகாரும் செய்யவில்லை. நான் அதை அப்போது நிம்மதி என்று நினைத்தேன். அவர் ஏன் புகார் செய்யவில்லை என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தன் மேல்தான் தப்பு என்று நம்புகிறவர் யார் மேல் புகார் செய்வார்?

நான் ஏரியா இன்சார்ஜ் ஆனேன். மிகைப்படுத்தக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்: வாத்தியாருக்கு என்னால் எதுவும் நேர்ந்துவிடவில்லை. கொஞ்ச நாள் பஸ்ஸிலும் பிறகு வேறொரு வண்டியிலும் போய்வந்தார் என்றும், அதன் பின் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்து காலமானார் என்றும் அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் பிற்பாடு ஒருமுறை சொன்னார். ராஜகுமாரியின் கார் ஊரில் ஒரு உரக்கடைச் சந்தில் தார்ப்பாயைப் போர்த்தி நின்று, உப்புக் காற்றில் அரித்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனதாம். அதையும் அவர்தான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு வேறு பேச்சுக்கு மாறினேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், புதிதாகச் சேர்ந்த இன்ஸ்பெக்டர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். உங்களுக்கு முந்தைய அணி. பயிற்சிக்கான தாள்களைத் தலைமை அலுவலகம் அனுப்பியிருந்தது. நிராகரிப்பு ரிப்போர்ட்டைக் குறைந்த சொற்களில் தெளிவாக எழுதுவது எப்படி என்பதற்கு ஒரு மாதிரி கொடுத்திருந்தார்கள். வண்டி எண்ணையும் பேர்களையும் மறைத்திருந்தார்கள். படிக்க ஆரம்பித்த பிறகுதான் அது என்னுடையது என்று தெரிந்தது. இத்தனை வருடமாக அதைப் பார்த்து எத்தனை பேர் எழுதப் பழகினார்கள் என்று தெரியாது.

வகுப்பில் இருந்த ஒரு பெண் கை தூக்கினார். கிளியனூரிலிருந்து வருகிறவர். “சார், தொடர்ந்து ஓட்டினாங்கன்னு இருக்குது. எவ்ளோ தூரம்னு இல்லையே?”

“குறிப்பிடல,” என்றேன்.

“அது தெரியாம எப்படி சார் ரிஜெக்ட் பண்ண முடியும்? பத்தடி ஓட்டினாலும் பத்து கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒண்ணா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை. “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். ஐம்பத்தெட்டு வயதில், இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் முன்னால் எனக்குக் காது மடல் சுட்டது. அவர் கேட்டது பெரிய சூட்சுமமான கேள்வி இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் படிக்கிற யாருக்கும் முதலில் வர வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வி வராதபடி எழுதியதுதான் என் திறமை.

அந்த வாரமே பழைய செல்போனைத் தேடி எடுத்தேன். பாலத்துப் படங்கள் அதில் இருந்தன. நடந்ததை முழுவதும் எழுதி, படங்களையும் வைத்து, நிறுவனத்துக்குக் கொடுத்தேன். கோப்பு முடிந்துவிட்டது, மறுபடி திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. மாதிரித் தாளை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது என்பதே அங்கே போகாமல் இருக்கக் காரணமாகவும் இருந்தது. ஓய்வு பெற்று இரண்டு மாதம் கழித்துத்தான் மரக்காணம் போனேன்.

வீடு பூட்டியிருந்தது. உப்பளத்தில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வரப்பில் நடந்து போனேன். காலை பத்து மணிதான், அதற்குள் தரை கொதித்தது. ராஜகுமாரி கூடையில் உப்பை அள்ளித் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார். ஏழுமலை பாத்தியில் நின்று நீண்ட பலகையால் உப்பை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் தூரத்தில், குவித்த உப்பின் மேல் ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

ராஜகுமாரி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “வாரண்டி சாரா?” என்றார். கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. “நல்லா இருக்கீங்களா? இன்னா சார் இவ்ளோ தூரம்?”

வரப்பில் நின்றபடியே சொன்னேன். பாலத்தைப் பற்றி எழுதவில்லை. படத்தை இணைக்கவில்லை. மெக்கானிக் சொன்னதை மறைத்தேன். போனில் எல்லாம் எழுதினேன் என்று சொன்னது பொய். படங்களையும், நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்ததன் நகலையும் கையில் வைத்திருந்தேன். அவற்றை நீட்டினேன். வழக்கு ஏதாவது போட நினைத்தால் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன், காலம் கடந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அப்ப நான் பண்ணது தப்பில்லையா?”

“இல்லம்மா.”

“பாலத்துலயே நிறுத்தியிருந்தா?”

“அப்பவும் எஞ்சின் போயிருக்கும். பம்பு தெறிச்சதுதான் காரணம். அந்த மெக்கானிக் அன்னிக்கே என்கிட்ட சொன்னாரு.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா வேறா என்று தெரியவில்லை.

“இந்த வூட்ல எது ஒடஞ்சாலும் என்ன சொல்வாங்க தெரியுமா சார்? மிக்ஸி போனாலும், தண்ணி மோட்டாரு போனாலும், இவ கைய வெச்சா எரிச்சிருவான்னு. நான் மொதல்ல வேலை பாத்த பள்ளிக்கூடத்துல வேன் ஓட்ட வரச்சொல்லி ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க. கொழந்தைங்கள ஏத்திகினு போறப்ப மறுபடி எதுனா தப்புப் பண்ணிட்டேன்னா? அந்த பயத்துல போகல. நீங்கதான சார் சொன்னீங்க, சூடானா நிறுத்திடணும்னு.”

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“என்கிட்ட கேட்டு இன்னா சார் ஆவப்போவுது? வாங்க இப்டி.”

வரப்பில் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். ஏழுமலை நிற்கும் பாத்தியோரம் நிறுத்தினார்.

“இவருகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொன்னத அப்டியே சொல்லுங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது. சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. ஏழுமலை பலகையைப் பிடித்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். அவரும் எத்தனையோ சண்டையில் ‘இவ கைய வெச்சா எரிச்சிருவா’ என்று சொல்லியிருப்பார் போல. பலகையை அப்படியே உப்புத் தண்ணீரில் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்பா,” என்றார், என்னிடம்தான், ஆனால் தரையைப் பார்த்து. “ஒரு வரி எழுதறதுக்கு ஒனக்கு இன்னா கஷ்டமாப் போச்சு?”

உங்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வந்தது அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒரு கஷ்டமும் இல்லை என்பதுதான் உண்மை.

பேச்சுச் சத்தம் கேட்டோ என்னவோ, தூரத்தில் ஓலை போட்டுக்கொண்டிருந்த மாமியார் எங்களை நோக்கி நடந்து வந்தார். நான் கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன்.

“இருங்க சார்,” என்றார் ராஜகுமாரி. “எங்க மாமியாரும் வரட்டும்.”

அந்த அம்மாள் வந்து நிற்கும்வரை வெயிலில் காத்திருந்தோம். மூச்சு வாங்கியபடி வந்து நின்று, இடுப்பில் கை வைத்து, யார் இது என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஆரம்பித்தேன். நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், ராஜகுமாரி குறுக்கிட்டார்.

“சத்தமா சொல்லுங்க சார். அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கத்துப் பாத்திகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.